ஒரு நாளைக்கு ஒரு உறை: காகிதக் கூழில் குதிர் செய்த பதிவு

காகிதக் கூழ் வேலையை ஐப்பசியில் தொடங்கக் கூடாது. இது தெரிவதற்கு எனக்கு மூன்று வாரமும் எட்டுக் கிலோ தாளும் செலவாயின.

கும்பகோணத்தில் சிற்பக் கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். இறுதி ஆண்டுப் படைப்பாக நான்கேகால் அடி உயரத்தில் ஒரு சிற்பம் செய்தேன். உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி. கழுத்துக்குக் கீழே அவள் உடம்பு ஒரு நெல் குதிர். மடியில் ஒரு முறம். வயிறு இருக்கும் இடத்தில் குதிரின் வாய். குனிந்து உள்ளே பார்த்தால், நெல் இருக்க வேண்டிய சுவர் முழுக்க அடகுச் சீட்டுகள். அடியில் மட்டும் கொஞ்சம் விதைநெல். இதை எப்படிச் செய்தேன், எங்கே கெட்டுப்போனது, எப்படிச் சரி செய்தேன் என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பெரிய அளவில் காகிதக் கூழ் சிற்பம் செய்ய நினைக்கும் யாருக்காவது பயன்படும்.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். குதிரைப் பார்த்தவர்கள் என் வயதில் குறைவு. களிமண்ணில் வைக்கோலும் பதரும் போட்டு மிதித்து, வளையம் வளையமாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுப்புவது குதிர். ஒவ்வொரு வளையத்துக்கும் உறை என்று பெயர். மேலே நெல்லைக் கொட்டுவார்கள். கீழே கைபோகும் அளவுக்கு ஒரு வாய் இருக்கும். அதைத் துணியால் அடைத்து வைத்து, வேண்டும்போது எடுத்து நெல்லைச் சரியவிடுவார்கள். வலங்கைமான் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு குதிர் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அது இடிந்துவிட்டதாம். அது நின்ற மூலையில் தரை மட்டும் இன்னும் வட்டமாகத் தேய்ந்து கிடக்கிறது. அப்பாயி இப்போதும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். எனக்கு உருவம் அங்கிருந்துதான் கிடைத்தது.

அடகுச் சீட்டு அப்புறம் வந்தது. விடுமுறைக்குப் போயிருந்தபோது பரணில் ஒரு மஞ்சப்பை நிறைய மீட்டுவிட்ட நகைகளின் சீட்டுகளைப் பார்த்தேன். குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை என்று அப்பாயியின் தோடும் சங்கிலியும் போய்ப் போய் வந்திருக்கின்றன. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. திறக்காத ஆண்டில் குறுவை இல்லை. ஆனால் தண்ணீர் வந்த ஆண்டிலும் சீட்டு இருக்கிறது, வராத ஆண்டிலும் இருக்கிறது. அந்தப் பையைப் பார்த்த பிறகு இந்தச் சிற்பத்தை ஃபைபரில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெரிய உருவம் என்றால் களிமண்ணில் வடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, ஃபைபரில் வார்ப்பதுதான் எங்களுக்குப் பழக்கமான வழி. உறுதியாக நிற்கும். ஆனால் அது இந்தக் கிழவியின் உடம்பு இல்லை. அவள் உடம்பு தாளால்தான் ஆக வேண்டும், அதுவும் அந்த வீட்டுத் தாளால். ஒரு சிற்பத்தின் பொருள் அதன் மேல் பூசும் வண்ணத்தில் இருக்கிறதா, அது எதனால் ஆனதோ அதில் இருக்கிறதா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் எலும்புக்கூடு. பச்சை மூங்கிலைப் பிளந்து ஆறு பிளாச்சுகள் செங்குத்தாக, ஐந்து வளையங்கள் குறுக்காக. பிளாச்சை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் விளக்குச் சூட்டில் காட்டிக் காட்டி வளைத்தால் ஒடியாமல் வளையும். நடுவில் பருத்து மேலும் கீழும் சிறுத்த குதிர் வடிவம். முடிச்சுகளுக்குக் கட்டடவேலைக்காரர்கள் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியைப் பயன்படுத்தினேன். மேலே கோழிவலை. அதன் மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டத் தொடங்கினேன். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டேன். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களும் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் போடுவதுதான். இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் அவ்வளவு விருப்பம்.

நான்காவது நாள் தோள்பட்டையில் செங்கல் நிறத்தில் புள்ளிகள். ஒரு வாரத்தில் முடிச்சு இருந்த ஒவ்வொரு இடத்திலும் புள்ளி பெரிதாகி, தாள் அங்கே மட்டும் மெத்து மெத்தென்று ஆனது. மண் நிறம்தானே, இருக்கட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். ஒரு முடிச்சைக் கிழித்துப் பார்த்தபோது கம்பி பாதியாக இளைத்திருந்தது. துரு என்பது சரி, ஆனால் இவ்வளவு வேகமாக எப்படி? பதில் பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் இருந்தது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி கரைந்து, அதன் மேல் செம்பு படியும். நான் பசை என்ற பெயரில் அதே கரைசலைக் கறுப்புக் கம்பியின் மேல் நாள்தோறும் தடவிக்கொண்டிருந்தேன். கட்டுக்கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு கிடையாது. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வைத்த நஞ்சு எலும்பைத் தின்றுவிட்டது.

எல்லாவற்றையும் பிரித்தேன். முடிச்சுகளைச் சணல் கயிற்றால் கட்டினேன். சணல் நனையும்போது பருத்து இறுகும். காயும்போது பசை அதைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு வேலை செய்யும் இடத்தில் கம்பியைவிட இது நல்ல கட்டு. உடம்புக் கூட்டில் கம்பி வேண்டிய ஒரே இடம் கழுத்து, அங்கே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி போட்டு, அதன் மேல் அரக்குப் பாலிஷ் இரண்டு கை அடித்த பிறகுதான் தாளைத் தொடவிட்டேன். கோழிவலையின் துத்தநாகப் பூச்சு முதல் அடியை வாங்கிக்கொண்டதால் உள்ளிருந்த இரும்பு தப்பியது. அறுத்த முனைகளில் மட்டும் பாலிஷ் தொட்டு வைத்தேன்.

மயில்துத்தத்தைப் பசையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்போதுதான் மழை பிடித்தது.

வெளியே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது. பத்து நாள் கழித்து வாய் வைக்க வேண்டிய இடத்தில் பிளேடால் ஒரு துளை அறுத்தேன். உள்ளிருந்து புளித்த மாவு வாடை. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் உட்சுவர் முழுக்கச் சாம்பல் பச்சை மயிர். காரணம் எளிது. நான் ஒரே நாளில் ஆறேழு அடுக்கு ஒட்டியிருந்தேன். வெளி அடுக்கு காய்ந்து மூடிக்கொண்டதும் உள்ளே இருந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. உடம்போ மூடிய பானை. மைதா பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு அதையும் சுரண்டி எடுத்தேன். கெட்டதன் மேல் புதிது ஒட்டினால் அது உள்ளிருந்தே தின்னும். சுரண்டி முடித்தபோது மூங்கில் மட்டும் மிஞ்சியது. கார்த்திகை பிறந்திருந்தது. அன்றைக்கு உண்மையாகவே அழுதேன்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். கைப்பேசியில் இருந்த படத்தை அப்பாயியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னடி இது, களி மாதிரி அப்பி வச்சிருக்க. எதைப் போட்டு ஒட்டுன?"

"மைதா பசை, அப்பாயி."

"மைதாவா? முறத்துக்கு யாராச்சும் மைதா போடுவாங்களா? வெந்தயம்ல போடணும்."

அவள் முறம் மெழுகுவதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். புது மூங்கில் முறம் வாங்கி வந்தால் அப்படியே புடைக்க மாட்டார்கள். எள்ளும் கேழ்வரகும் இடுக்கு வழியாகப் போய்விடும். பழைய தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, இரண்டு பக்கமும் தேய்த்து வெயிலில் காயவைப்பார்கள். இதே கூழைக் கவிழ்த்த சட்டியின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் கூடை. வற்றலும் புளியும் போட்டு வைக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று கூடைகள் இன்னும் இருக்கின்றன. மூன்றரை ஆண்டுகள் சிற்பம் படித்தும், அந்தக் கூடைகளை ஒருமுறைகூடக் காகிதக் கூழ் வேலை என்று நான் நினைத்ததில்லை. வீட்டு வேலை என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

முறை இதுதான். ஒரு கிலோ உலர்ந்த தாளுக்குக் கால் கிலோ வெந்தயம் என்பது நாங்கள் இருவரும் ஆட்டிப் பார்த்து எட்டிய அளவு. அப்பாயிக்கு அளவு கிடையாது, கைதான். தாளைக் கையால் கிழித்து மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். தினம் தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் நாள் தண்ணீர் மையோடு கறுப்பாக வரும். வெந்தயத்தை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காலையில் அதை ஆட்டினால் உளுந்துபோலப் பொங்கி வழவழவென்று வரும். வெந்தயத்தின் பசைத்தன்மைக்கு அந்த வழவழப்புதான் காரணம். பிழிந்த தாளை அதோடு போட்டு மறுபடி ஆட்ட வேண்டும். மிக்ஸியில் போட்டால் நார் அறுந்து மாவாகிவிடுகிறது. காய்ந்த பிறகு பலம் இருக்காது. ஆட்டுக்கல்லில் நார் பிரியும், அறுபடாது. கூழை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அப்பாயி கடைசியில் ஒரு கரண்டி மஞ்சள் போட்டாள்.

வெந்தயம் பூஞ்சையைக் கொன்றுவிடும் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஈரமாக வைத்தால் இந்தக் கூழும் இரண்டு நாளில் நாறும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது அப்பாயியின் அனுபவம். வீட்டுக் கூடைகளில் ஓட்டை இல்லாதது எனக்குச் சாட்சி. ஆனால் நான் கண்ட பெரிய வேறுபாடு இன்னொன்று. வழுக்குகிற கூழ் என்பதால் மிக மெல்லியதாக இழுத்துத் தேய்க்க முடிகிறது. மைதாவில் ஒட்டும்போது கை தானாகவே தடிமனாக வைக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கூழ் ஒரு முழுநாள் வெயிலில் காயும். பத்து மில்லிமீட்டர் வைத்தால் ஒரு வாரம் ஆனாலும் நடுவில் ஈரம் இருக்கும்.

அப்பாயி சொன்ன இன்னொரு விஷயம்தான் முழு வேலையையும் மாற்றியது. குதிர் போடும்போது ஒரு நாளைக்கு ஒரு உறைதான் ஏற்றுவார்களாம். "ஈரத்து மேல ஈரம் வச்சா உக்காந்துரும்டி. கீழ உள்ளது காஞ்சு கல்லாகணும். அதுக்கப்புறம்தான் மேல ஏறணும்." நான் முழு உருவத்தையும் ஒரே நேரத்தில் மூட முயன்றிருந்தேன். சிற்ப மாணவருக்கு உருவம் முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அவசரம் எப்போதும் உண்டு. குதிர் போடுகிறவர்களுக்கு அது இல்லை.

மார்கழி நடுவில் மழை ஓய்ந்தது. இரண்டாம் முறை தொடங்கினேன். கீழிருந்து மேலாக எட்டு உறை. ஒவ்வோர் உறைக்கும் அரையடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஒருநாள் வெளிப்பக்கம், மறுநாள் உட்பக்கம், மூன்றாம் நாள் எதுவும் செய்யாமல் காயவிடுவது. அப்பாயி சொன்ன ஒரு நாள் களிமண்ணுக்கு. பனிக்கால வெயிலில் தாளுக்கு மூன்று நாள் பிடித்தது. உச்சியைத் தலை ஏறும் வரை திறந்தே வைத்திருந்தேன். காற்று உள்ளே போய் வந்தது. உறைக்கும் உறைக்கும் நடுவில் விழும் வரியை நான் மறைக்கவில்லை. மண் குதிரிலும் அந்த வரி தெரியும், கிழவியின் வயிற்றிலும் அப்படித்தான் மடிப்பு விழும்.

என்ன தாள் என்பதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தாளும் ஒன்றல்ல. செய்தித்தாள் சீக்கிரம் ஊறும், நாளானால் மஞ்சளாகும். மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் நீக்கப்படாமல் இருப்பதுதான் காரணம். என் பழைய பள்ளி நோட்டுகளில் சில, கரூர் பக்கத்துப் புகளூர் ஆலையின் தாள். அங்கே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். சக்கையின் நார் குட்டை. கூழாக ஆட்ட மிக எளிது, வழவழப்பான மேல்பூச்சுக்கு நல்லது, ஆனால் தாங்கு பலத்துக்கு ஆகாது. பலம் வேண்டிய இடுப்பிலும் தோளிலும் பழுப்புக் காக்கித் தபால் கவர்களைக் கிழித்துப் போட்டேன். அதன் நார் நீளம். கல்யாணப் பத்திரிகைகளும் பளபளப்பான வார இதழ் அட்டைகளும் ஊறவே இல்லை. அவற்றின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்க மறுக்கிறது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். ரசீது இயந்திரத்தில் வரும் புதிய வெப்பத் தாளை எதிலும் சேர்க்காதீர்கள். எழுத்து மங்கிப் போகும், சூடு பட்டால் தாளே கறுக்கும்.

பிழிந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் நார் போய்க் குழாயை அடைக்கும். வடிகட்டி வாழை மரத்துக்கு ஊற்றினேன்.

முகத்துக்குக் கூழைப் பயன்படுத்தவில்லை. கூழ் காயும்போது சுருங்கும். சோதனைக்கு ஓர் உள்ளங்கை அளவு மூக்கு செய்து பார்த்ததில் நன்றாகவே சிறுத்து, ஓரமாகக் கோணிக்கொண்டது. குதிரின் வயிறு சுருங்கினால் யாருக்கும் தெரியாது, கண்ணிமை சுருங்கினால் ஆளே மாறிவிடும். அதனால் தலையைக் களிமண்ணில் வடித்து, வெறும் தண்ணீரில் நனைத்த தாளை ஒரு சுற்றுப் போர்த்தி, அதன் மேல் பசை தோய்த்த கீற்றுகள் ஆறு அடுக்கு. கீற்றைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் பஞ்சுபோல நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றன் மேல் ஒன்று படியும்போது இணைப்புத் தெரியாது. வெட்டிய ஓரம் படிக்கட்டாக நிற்கும். செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே தாறுமாறாகக் கிழியும். நார் ஓடும் திசை அது. அடுக்கு ஒன்றுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்குக்குக் குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால் முகம் கோணாது. காய்ந்ததும் காதுக்குப் பின்னால் பிளேடால் அறுத்து இரண்டாகப் பிரித்து, களிமண்ணைத் தோண்டி எடுத்து, மறுபடி காக்கித் தாள் கீற்றால் சேர்த்தேன்.

கைகளுக்கு அலுமினியக் கம்பி, அதன் மேல் சணல் நூல் சுற்றி, மெல்லிய கூழ். நாற்று நட்ட கை என்பதால் விரல்களில்தான் அதிக நாள் செலவிட்டேன். அப்பாயியின் கட்டை விரல் நகம் நடுவில் பிளந்து இரண்டு மேடாக வளர்ந்திருக்கும். அதைப் பத்துத் தடவை செய்து பத்தாவதை வைத்தேன். அந்தக் கையில் இருக்கும் முறம் செய்ததல்ல. அவளுடைய பழைய முறம்தான். எத்தனையோ தடவை மெழுகப்பட்டுக் கனத்திருந்தது. விளிம்பு உடைந்த இடத்தில் அவளே புதுக் கூழ் வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

தலையை ஏற்றியதும் சிற்பம் முன்பக்கமாகச் சாய்ந்தது. முறமும் கைகளும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அடியோ வெறும் தாள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொண்டேன். அதன் மேலுடம்பு மெல்லிய காகிதக் கூழ், அடியில் மட்டும் கனமான களிமண். எப்படித் தட்டினாலும் எழுந்து உட்காரும். அதே வழி. அடிப்பகுதியில் ஒரு தகடு மறைத்து, அதன் கீழே காய்ந்த களிமண்ணும் செங்கல் ஜல்லியுமாக ஏழு கிலோ இறக்கினேன். ஈரக் களிமண்ணை வைத்தால் சுற்றியுள்ள தாள் உறிஞ்சும் என்பதால் முதலில் வெயிலில் பாளமாக உலர்த்தி, உடைத்துப் போட்டேன். மொத்த எடை இப்போது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேர் தூக்கலாம்.

சீட்டுகளை ஒட்டிய வாரம்தான் எனக்கு மிகவும் பயமான வாரம். கூழைத் திரும்ப ஆட்டலாம், சீட்டு போனால் போனதுதான். அப்பாவுக்கு முதலில் இதில் விருப்பமில்லை. நம் கடனை ஊருக்குக் காட்டுவதா என்று கேட்டார். அப்பாயி, "மீட்டதுதானடா, மீக்காததா?" என்று கேட்ட பிறகு பேசாமல் போய்விட்டார். பெயர், கணக்கு எண், கடைப் பெயர் இருந்த பகுதிகளைக் கிழித்து ஆட்டுக்கல்லில் போட்டுக் கூழோடு சேர்த்துவிட்டேன். நகையின் விவரமும் எடையும் தேதியும் இருந்த பகுதிகளை மட்டும் சுவருக்கு வைத்தேன். தோடு ஒரு ஜோடி. சங்கிலி ஒன்று. மறுபடி தோடு ஒரு ஜோடி.

பால்பேனா எழுத்து பசை பட்டாலும் அசையவில்லை. ஊதா முத்திரை மை உடனே கரைந்து ஓடியது. அரக்குப் பாலிஷ் அடித்துக் காப்பாற்றலாம் என்று ஒரு சீட்டில் முயன்றால், பாலிஷில் இருக்கும் ஸ்பிரிட்டிலும் அந்த மை கரைகிறது. அடிபட்ட சதைபோல ஊதா பரவிவிட்டது. அந்தச் சீட்டை வாய்க்கு நேர் எதிரே, முதலில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டினேன். மற்றவற்றை மிகக் கெட்டியான பசையால் ஓரத்தில் மட்டும் தொட்டு ஒட்டினேன். முத்திரை இருக்கும் நடுப்பகுதி சுவரைத் தொடாமல் லேசாகத் தூக்கி நிற்கும். காற்றடித்தால் உள்ளே சலசலக்கிறது. இதை நான் திட்டமிடவில்லை, ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. மொத்தம் 63 சீட்டுகள்.

மேல் தோலுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து வண்ணம் தீட்ட வேண்டும் என்பது வகுப்பில் வந்த யோசனை. கொலுப் பொம்மைக்கு அது சரி. சாக்பவுடர் பூசி மழமழப்பாகத் தேய்த்து, பளிச்சென்று வண்ணம் தீட்டினால்தான் அது பொம்மை. இந்தக் கிழவிக்கு வேண்டாம் என்று நின்றேன். வயல் வரப்பிலிருந்து எடுத்த மண்ணைத் துணியில் சலித்து, தண்ணீரும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து, கூழ் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு கை மட்டும் இழுத்தேன். சில இடங்களில் நோட்டின் நீலக் கோடும், ஒரு தோளில் என் ஆறாம் வகுப்பு எழுத்து இரண்டும் தெரிகின்றன. தலைமுடிக்குச் சணலைப் பிரித்து, சாம்பலில் புரட்டி, கொண்டையாக முடிந்தேன். தை அறுவடையின் வைக்கோலைப் புரி திரித்து இடுப்பில் இரண்டு சுற்று. எடுத்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளின் ஜிகினா ஓரங்களை மெல்லிய கீற்றாக வெட்டி, காதில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டமாகப் பதித்தேன். தோடு வைக்கவில்லை, தோடு இருந்த தழும்பு மட்டும். கடைசியாக, தொட்டுப் பார்க்கும் கைகளின் வியர்வைக்காக முறத்தின் விளிம்பிலும் வாயைச் சுற்றியும் மட்டும் அரக்குப் பாலிஷ்.

உள்ளே போட்ட விதைநெல் மாப்பிள்ளைச் சம்பா. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் ஏற்படுத்திய வழக்கம், விதை வாங்கும் உழவர் இரண்டு கிலோ வாங்கிப் போய் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது. அடகுக் கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் ஊரில் ஓர் உழவரிடம் கேட்டேன். அவர் அந்த நெல்லை வாங்கிப் பயிரிட்டவர். "இதுல கூடக் குடுக்குறது நமக்குச் சந்தோஷம்மா" என்றார். அவர் கொடுத்த ஒரு படி நெல்தான் குதிரின் அடியில் கிடக்கிறது. ஒரே ஒரு படி என்பதை மாற்றவே இல்லை. நிறையப் போடச் சொன்னார்கள். நிறைந்திருந்தால் சீட்டு தெரியாது.

மாசி முடிய எல்லாம் தயார். காட்சிக்கூடத்துக்குக் குட்டியானையில் கொண்டுபோனோம். பழைய மெத்தையை விரித்து, சிற்பத்தைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தே, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். படுக்க வைத்தால் அடியில் இருக்கும் ஜல்லி ஒருபக்கம் சரிந்து மூங்கிலை அழுத்தும். போய்ச் சேர்ந்ததும் கழுத்தில் மயிரிழை அளவு ஒரு வெடிப்பு. சாலைக் குலுக்கலில் தலையின் எடை கழுத்தில் இறங்கியிருக்கிறது. காக்கித் தாளும் கூழும் கொண்டுபோயிருந்தேன். இரவே அடைத்து, மேசை விசிறியை வைத்துக் காயவிட்டேன். தலையைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்க வேண்டும். அடுத்த வேலையில் அப்படித்தான் செய்வேன்.

முதல் நாள் அப்பாயி வந்தாள். அப்பாதான் அழைத்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக முறத்தைத் தொட்டாள். நான் வைத்த நகத்தைத் தன் நகத்தோடு வைத்துப் பார்த்தாள். அப்புறம் மெல்லக் குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சீட்டின் நிறமும் மடிப்பும் தெரியும். கையை உள்ளே விட்டு ஒன்றைத் தடவி, "இது உங்கப்பன் காலேஜு சேந்தப்ப" என்றாள். இன்னொன்றைத் தொட்டு ஒன்றும் சொல்லவில்லை.

நிமிர்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "வாயை ஏண்டி தொறந்தே வச்சிருக்க? எலி போவாதா?"

பார்க்கிறவர்கள் உள்ளே பார்க்க வேண்டும், அதற்காகத்தான் என்று சொன்னேன். அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. கட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சேலைத் துண்டை எடுத்தாள். வெற்றிலை நனைத்துச் சுற்றிக் கொண்டுவந்த துணி. ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அதை நான்காக மடித்து, உருட்டி, குதிரின் வாயில் திணித்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். பழகிய கை.

அவள் போன பிறகு ஈரம் தாளில் இறங்கிவிடுமே என்று துணியை உருவினேன். விசிறி முன்னால் காயவைத்து, அவள் மடித்த அதே மடிப்பில் திரும்ப அடைத்தேன். பக்கத்தில் இருந்த அட்டையில் நான் எழுதியிருந்த விளக்கத்தை எடுத்துவிட்டு, வேறு அட்டையில் இரண்டு வரி மட்டும் எழுதி வைத்தேன்: 'துணியை எடுத்துவிட்டு உள்ளே பார்க்கலாம். பார்த்ததும் திரும்ப அடைத்துவிடவும்.'

காட்சி நடந்த ஐந்து நாளும் சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது போய்ப் பார்ப்பேன். ஒருநாள்கூட வாய் திறந்து கிடக்கவில்லை.